தொடர்மாடிப் பராமரிப்பு வேலை: கொழும்பில் இதற்கு வர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் வளர்ந்து, ஒரு வயரிங் பாஸின், அதாவது கைதேர்ந்த வேலைக்காரரின், பின்னால் பை தூக்கித் திரிந்து வேலை பழகியவன் நான். இப்போது பதினெட்டு வருடமாகத் தொடர்மாடிகளில் பைப்பும் கரண்டும் பார்க்கிறேன். அரசு கட்டிக்கொடுத்த, குறைந்த வருமானக்காரர் இருக்கிற வீடுகள்தான் பெரும்பாலும். இந்த வேலைக்கு வரலாமா என்று தம்பிமார் கேட்கிறார்கள், ஏன் இன்னும் வரவில்லை என்று வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் சொல்கிறதை ஒரே இடத்தில் எழுதிவிட்டால் என் தொண்டைக்கு நல்லது.

எந்தத் தொடர்மாடிகளைச் சொல்கிறீர்கள்?

கொழும்பில் இரண்டு தலைமுறைக் கட்டடங்கள் இருக்கின்றன. பழையவை மாளிகாவத்தை, பம்பலப்பிட்டி, மொறட்டுவைப் பக்கம் சொய்சாபுர மாதிரி: நாலைந்து மாடி, லிப்ட் கிடையாது, படிதான். அதற்குள் இரும்புப் பைப், உருண்டை முனை சொக்கெட், நாற்பது வருடத்தில் ஐந்து பேர் கை வைத்த வயரிங். புதியவை உயரமானவை. பொரளைக்குப் பக்கத்தில் சஹஸ்புர 2001 வாக்கில் வந்தது, 14 மாடி, 671 வீடு. அப்புறம் 2010க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை வரிசையாகக் கட்டியது: வனாத்தமுல்லையில் மெத்சர உயன, சிரிசர உயன, தெமட்டகொடையில் மிஹிந்து சென்புர, கொழும்பின் வடக்குப் பக்கம் முவதொர உயன. இந்தக் கடைசிப் பெயருக்கே சிங்களத்தில் முகத்துவாரம் என்றுதான் அர்த்தம்.

புதிய வீடுகள் பெரும்பாலும் 400 முதல் 550 சதுர அடி. அங்கே வந்தவர்கள் அதற்கு முன்னால் தோட்டத்து வீடுகளில், அதாவது முடுக்குக்குள் சுவரோடு சுவர் ஒட்டிய பலகை வீடுகளிலும் தகர வீடுகளிலும் இருந்தவர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாதி முறைப்பாடுகள் இதற்குள்தான் இருக்கின்றன. தோட்டத்தில் குழாய் வெளியில், கழிவுநீர் கண்ணுக்கு முன்னால் ஓடும், அடைத்தால் கம்பால் குத்திவிடலாம். இங்கே எல்லாம் சுவருக்குள்ளும், பைப்பும் வயரும் மாடிக்கு மாடி போகிற டக்ட்டுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் சாவியை மட்டும் கையில் கொடுத்தார்கள்.

ஒரு நாளில் என்ன வேலை வரும்?

காலையில் முதல் வேலை மொட்டைமாடி. தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா, மூடி மூடித்தான் இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு கீழே பம்ப் அறை. சத்தம் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்: பம்ப் காற்றை இழுக்கும்போது ஒரு மாதிரி கல் உருட்டுகிற சத்தம், பெயாரிங் போகும்போது வேறு மாதிரி. அதற்குள் போன் மூன்று தடவை அடித்திருக்கும். ஒரு வீட்டில் கரண்ட் இல்லை, ஒரு வீட்டில் சிஸ்டர்ன், அதாவது கொமட்டுக்கு மேலே இருக்கிற தண்ணீர்த் தொட்டி, நிற்காமல் ஓடுகிறது, ஒரு வீட்டில் கூரை ஒழுகுகிறது. கூரை என்றால் அவர்களுடைய கூரை, மேல்வீட்டுக்காரரின் தரை. மத்தியானத்துக்குப் பிறகு அடைப்பு எடுக்கிற வேலை வரும், ஏனென்றால் சமைத்துக் கழுவி ஊற்றுவது அப்போதுதான். பின்னேரம் பிள்ளைகள் வகுப்பால் வந்ததும் லிப்ட் பட்டனை அமத்தி விளையாடும், லிப்ட் நின்றுவிடும்.

இதற்கிடையில் யாராவது கதவைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, சும்மா ஒருக்கா இந்த ஃபேனைப் பாருங்களேன்" என்பார்கள். அந்தச் சும்மாதான் நாளின் நீளமான வேலை.

ஒழுகுகிற வீட்டில் பிழை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தொடர்மாடி வேலையில் பெரிய படிப்பே இதுதான். ஒழுகுகிற வீட்டில் பிழை இருப்பது அபூர்வம். தண்ணீர் கொங்கிரீட்டுக்குள் நேராக இறங்காது. வெடிப்பு வழியாகவோ வயர் போட்ட குழாய் வழியாகவோ ஓடி, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே சொட்டும். எட்டாம் மாடியில் மண்டபத்து லைட் பக்கத்தால் தண்ணீர் வரும், பிழை ஒன்பதாம் மாடிக் குளியலறை மூலையில் இருக்கும், சில நேரம் பத்தாம் மாடியில்.

நான் செய்வது இப்படி. முதலில் கேட்பேன்: நாள் முழுக்கச் சொட்டுகிறதா, நேரத்துக்கு நேரமா? விடிய விடிய நிற்காமல் சொட்டினால் அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர்ப் பைப். காலையிலும் பின்னேரமும் மட்டும் என்றால் மேல்வீட்டில் குளிக்கிற தண்ணீர், அதாவது கழிவுப் பைப் அல்லது தரை. மழைக்கு மட்டும் என்றால் வெளிச்சுவர், ஜன்னல் விளிம்பு. இந்த மூன்று கேள்வி ஒரு சுவர் உடைக்கிற செலவை மிச்சம் பிடிக்கும். அப்புறம் மேல்வீட்டு மெயின் வால்வைப் பூட்டிவிட்டு மீட்டரைப் பார்ப்பேன், பிறகு திறந்து, எல்லா டெப்பையும் மூடி, மீட்டர் ஓடுகிறதா என்று பார்ப்பேன். தரைதான் சந்தேகம் என்றால் தரைத் துவாரத்தைத் துணியால் அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, கேசரிக் கலர் கொஞ்சம் போட்டு, ஒரு நாள் விட்டுவிடுவேன். கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சள் பூத்தால் விவாதம் முடிந்தது.

விவாதம் முடிந்தது என்று சொல்கிறேன், ஆனால் சண்டை அப்போதுதான் தொடங்கும். மேல்வீட்டு அக்கா, "என் வீட்டில் ஒரு பிழையும் இல்லை, காய்ந்துதான் இருக்கிறது" என்பார். அவர் சொல்வதும் உண்மைதான், அவர் வீட்டில் ஒரு சொட்டு ஈரம் தெரியாது. அதனால் நான் அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போய், கீழ்வீட்டுக் கட்டிலுக்கு மேலே கட்டியிருக்கிற பொலித்தீனைக் காட்டுவேன். வாயால் சொன்னால் கோபம் வரும், நேரில் பார்த்தால் பெரும்பாலும் வராது.

அந்தத் திருத்தச் செலவு யாருடையது?

ஒரு வீட்டுக்கு மட்டும் போகிற பைப், வயர், அந்த வீட்டுத் தரை எல்லாம் அந்த வீட்டுக்காரர் கணக்கு. பல வீட்டுக்குப் பொதுவான நிலைக்குத்துப் பைப், பம்ப், தாங்கி, லிப்ட், படிக்கட்டு லைட், மொட்டைமாடி எல்லாம் பொதுக் கணக்கு, மாதாந்தப் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து போக வேண்டும். தொடர்மாடி உரிமைக்கென 1973இல் வந்த சட்டம் இருக்கிறது. அதன்படி பதியப்பட்ட கட்டடத்தில் வீட்டுச் சொந்தக்காரர் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று இருக்க வேண்டும். கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை என்று ஒன்று இருக்கிறது, கீழ்வீடு மேல்வீடு ஒழுக்குச் சண்டை முறைப்பாடுகள் அங்கேயும் போகும்.

டெக்னீஷியனாக நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பிழை எங்கே என்று மட்டும் சொல்லுங்கள், யார் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். நான் ஒரு தடவை சொல்லி, ஆறு மாதம் இரண்டு வீட்டிலும் தேநீர் கிடைக்காமல் போனது.

மேல்மாடியில் தண்ணீர் நூலாக வருகிறது, கீழ்மாடியில் டெப் வோஷர் மாதத்துக்கு ஒன்று போகிறது. ஏன்?

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நீர் வழங்கல் சபைத் தண்ணீர் முதலில் நிலத்தடித் தாங்கிக்கு வரும், அங்கிருந்து பம்ப் மொட்டைமாடிக்கு ஏற்றும், அப்புறம் தன் பாரத்தால் இறங்கும். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் தரைமாடிக்காரர் முப்பத்தைந்து மீட்டர் தண்ணீரைத் தலையில் சுமக்கிறார், மூன்றரை பார். கடைசி மாடிக்கும் தாங்கிக்கும் இடையில் நாலைந்து மீட்டர்தான், அரை பார் கூட இல்லை. அந்த அழுத்தத்தில் ஷவர் என்பது பெயருக்குத்தான்.

கீழ்மாடிகளுக்கு அழுத்தம் குறைக்கிற வால்வு போட்டிருப்பார்கள். அதற்குள் இருக்கிற சல்லடையில் மண் அடைத்துக்கொள்ளும், சிலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேர்ப் பைப் போட்டுவிடுவார்கள். அன்றிலிருந்து கீழ்மாடிகளில் வோஷரும் சிஸ்டர்ன் வால்வும் சாகத் தொடங்கும். மேல்மாடிக்காரர் ஏதாவது செய்யுங்கள் என்று அழுதால், முதலில் டெப்பின் வாயில் இருக்கிற வலையைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள். பாதித் தடவை பிழை அதுதான்.

கீழ்மாடி கொமட்டில் எங்களுடையது இல்லாத தண்ணீர் பொங்குகிறது என்கிறார்கள். நம்பலாமா?

நம்புங்கள். நிலைக்குத்துக் கழிவுப் பைப்பின் அடி வளைவில் அடைத்தால், மேலே பத்து வீட்டில் ஊற்றுவதெல்லாம் வெளியே போக முடியாமல் மிகத் தாழ்வான வாசல் வழியாக வரும். அந்த வாசல் தரைமாடிக்காரரின் கொமட். பாவம், அவர் ஒன்றுமே செய்திருக்க மாட்டார். உடனே செய்ய வேண்டியது அடைப்பு எடுப்பதல்ல. மேலே எல்லா வீட்டுக் கதவையும் தட்டி, அரை மணித்தியாலம் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டு மேன்ஹோலைத் திறக்கப் போனால், ஐந்தாம் மாடியில் ஒருவர் ஃப்ளஷ் அமத்துவார், நீங்கள் குனிந்திருப்பீர்கள்.

என்ன எடுத்தேன் என்று கேட்கிறார்கள், சொல்கிறேன்: தேங்காய்ப்பூ, சோறு, ஆறி வெண்ணெய்க் கட்டி மாதிரி ஆன எண்ணெய், பாத்திரம் தேய்க்கிற கம்பி, பம்பர்ஸ், சனிட்டரி நப்கின், ஒரு தடவை முழு மிதியடித் துணி. ஒரு தடவை ஒரு தங்கத் தோடும் வந்தது, ஆனால் அதைக் கேட்டு நாலு வீடு உரிமை கொண்டாடியது. கொஸ்டிக் சோடா ஊற்றுவது எனக்குப் பிடிக்காது. அது எண்ணெயைக் கரைக்கும், துணியைக் கரைக்காது, அப்புறம் குழாய்க்குள் கம்பி விடுகிற என் கையில் தெறிக்கும். ஊற்றியிருந்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

மழை பெய்தால் ட்ரிப் ஸ்விட்ச் விழுகிறது. கழற்றிவிட்டு நேராகக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. எவ்வளவு காசு தந்தாலும், யார் சொன்னாலும் கூடாது.

வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விட்ச். லைவில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் ஒன்றா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும், வித்தியாசம் வந்தால், அதாவது கரண்ட் ஈரச் சுவர் வழியாகவோ ஒரு மனிதன் வழியாகவோ மண்ணுக்குப் போனால், விழும். அது விழுவது பிழை அல்ல, அது தன் வேலையைச் செய்கிறது.

பிழை தேடுவது இப்படி: எல்லா பிளக்கையும் கழற்றுங்கள், ஓஃப் பண்ணினால் போதாது, கழற்ற வேண்டும். எல்லா பிரேக்கரையும் இறக்கி, ட்ரிப் ஸ்விட்சைத் தூக்கி, ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதில் விழுகிறதோ அந்த வழியில் பிழை. எல்லாம் இறக்கியிருக்கும்போதே விழுந்தால் நியூட்ரலைச் சந்தேகியுங்கள், ஏனென்றால் சின்ன பிரேக்கர் லைவை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் தொடுத்தபடியே இருக்கும். கொழும்பில் மழைக்கு விழுவதற்கு வழக்கமான காரணம் பல்கனி சொக்கெட், வெளிச்சுவர் பக்கம் போகிற வயர், அல்லது உடுப்புக் காயப்போடக் கயிறு கட்ட அடித்த ஆணி. ஆணி வயரை லேசாகத் தொட்டுவிட்டு வெயில் நாளெல்லாம் சும்மா இருக்கும், சுவர் நனைந்ததும் பேசத் தொடங்கும். ஒரு வீட்டில் இரண்டு நாள் தேடினேன், கடைசியில் கல்யாணப் படத்துக்குப் பின்னால் இருந்தது.

ட்ரிப் ஸ்விட்சில் டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கிறது. மாதத்துக்கு ஒருக்கா அமத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அமத்தியும் விழாவிட்டால் அது வெறும் அலங்காரம், மாற்ற வேண்டும்.

ஒரே நேரத்தில் நாலைந்து வீட்டு டிவி எரிந்ததாம். இடியா?

இடியாகவும் இருக்கலாம், ஆனால் நான் முதலில் பார்ப்பது நியூட்ரலை. கட்டடத்துக்கு மூன்று பேஸ், அதாவது மூன்று லைவ் வயர் வரும், வீடுகளை மூன்றுக்கும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள், எல்லாவற்றுக்கும் நியூட்ரல் பொது. அந்த நியூட்ரல் ஒரு இடத்தில் தளர்ந்துவிட்டால் 230 வோல்ட் என்பது எந்த வீட்டுக்கும் உறுதி இல்லை. பாவனை குறைந்த வீட்டுக்கு 300க்கு மேல் ஏறும், கூடின வீட்டுக்கு இறங்கும். ஒரு வீட்டில் பல்பு வெள்ளையாகப் பளிச்சிட்டு, பக்கத்து வீட்டில் மங்கினால் அதுதான் அறிகுறி. உடனே மெயினை வெட்டுங்கள். மீட்டருக்கு முன்னால் இருக்கிற பகுதி கரண்ட் கொடுக்கிற நிறுவனத்துடையது, சீல் இருக்கிறது, அதில் கை வைக்காதீர்கள். உப்புக்காற்று அடிக்கிற முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கம் இந்தத் தளர்ச்சி கூட, செம்பு முனையெல்லாம் பச்சை பூத்திருக்கும்.

மல்டி பிளக் விஷயம்?

13 அம்பியர் என்றால் மூவாயிரம் வோட்ஸ், அவ்வளவுதான். கேத்தல் 2000, அயர்ன் 1000, அதோடு ரைஸ் குக்கர் என்று ஒரே மல்டியில் குத்தினால் உருகும். சின்ன வீட்டில் சொக்கெட் குறைவு, அதனால் திட்டிப் பிரயோசனம் இல்லை. குசினிக்கு இன்னொரு சொக்கெட் முறையாக இழுத்துக்கொடுக்க எவ்வளவு என்று சொல்லிவிட்டு வாருங்கள். உருண்டை முனை பிளக்கைச் சதுரச் சொக்கெட்டில் தீக்குச்சி வைத்துக் குத்துவதைப் பார்த்தால் மட்டும் நான் திட்டுவேன்.

கேஸ் மணம் என்று கூப்பிட்டால்?

அடுப்புக் கேஸ் காற்றை விடப் பாரமானது, தரையில் படுத்திருக்கும். ஸ்விட்ச் எதையும் போடவும் வேண்டாம், ஓஃப் பண்ணவும் வேண்டாம், இரண்டிலும் பொறி வரும். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவு திறந்து, ஆட்களை வெளியே எடுங்கள், தரையோடு காற்றுப் போக வழி விடுங்கள். கசிவு தேட சவர்க்கார நுரைதான், நெருப்பு அல்ல. 2021 கடைசியில் நாடு முழுக்கக் கேஸ் வெடிப்புகள் நடந்த காலத்தில் ஒரு நாளைக்கு இருபது வீட்டில் சவர்க்காரம் பூசினேன், குமிழி வந்ததில் பெரும்பாலானவை காய்ந்து வெடித்த குழாய்களும் தளர்ந்த கிளிப்புகளும்.

லிப்ட் நின்று ஆள் மாட்டிக்கொண்டால் கதவை நெம்பலாமா?

லிப்ட் நம் வேலை இல்லை, அது லிப்ட் கம்பனி ஆட்களின் வேலை. நம் வேலை உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருப்பது. லிப்டுக்குள் காற்று வரும், மூச்சு முட்டாது, உட்காருங்கள், கதவைத் தள்ளாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற லிப்டிலிருந்து குதித்து வெளியே வரும்போதுதான், கீழே திறந்திருக்கிற குழிக்குள் ஆள் விழுவது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. லிப்ட் இல்லை, பம்ப் இல்லை, அதனால் தண்ணீரும் இல்லை. பதினோராம் மாடிக்குக் குடத்தில் தண்ணீர் ஏறியது. டயலிசிஸுக்குப் போகிற ஒரு ஐயாவை நாங்கள் நாலு பேர் பிளாஸ்டிக் கதிரையில் வைத்து இறக்கி ஏற்றினோம், கிழமையில் இரண்டு தடவை. அது என் வேலைப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

டெங்கு பரிசோதனைக்கும் டெக்னீஷியனுக்கும் என்ன தொடர்பு?

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் கேட்பது மொட்டைமாடிச் சாவியை. தாங்கி மூடி, அடைத்த மழைநீர்க் கான், லிப்ட் குழியில் தேங்கிய தண்ணீர், பாவிக்காத வீட்டுக் கொமட், இந்த நாலும் நம் பொறுப்பு. முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். அதனால் கிழமைக்கு ஒரு தடவை, ஒரே நாளில், நான் ஞாயிறு முடிந்து திங்கள் காலையில் பார்க்கிறேன். மே மாத மழைக்கும் ஒக்டோபர் மழைக்கும் முன்னால் கான் துப்புரவு.

எதற்குப் பயப்பட வேண்டும்?

உயரத்துக்கும் கரண்டுக்கும் எல்லோரும் பயப்படுகிறார்கள், நல்லது. நான் பயப்படுவது மூடிய குழிக்கு. கழிவுநீர்க் குழி, நாள்பட்டு மூடிக் கிடந்த நிலத்தடித் தாங்கி. கழிவிலிருந்து வருகிற வாயு முதலில் அழுகிய முட்டை மாதிரி மணக்கும், கொஞ்சம் கூடினால் மூக்கு செத்துப்போய் மணமே தெரியாது, மணம் போய்விட்டது என்று நினைத்து இறங்குவான். அவனைத் தூக்க இரண்டாமவன் இறங்குவான். தனியாக இறங்காதீர்கள். காற்று ஊதாமல், அளக்கிற மீட்டர் இல்லாமல், இடுப்பில் கயிறு கட்டி மேலே ஆள் இல்லாமல் இறங்கச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். ஒரு கொந்தராத்துக்காரர் என்னை அப்படி இறங்கச் சொன்னார், நான் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், மூன்று நாள் சம்பளம் இன்னும் வரவில்லை.

என்ன படித்திருக்க வேண்டும்?

சாதாரண தரம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையிலும், தொழில் பயிலுனர்களுக்கான அரசு நிறுவனமான 'நைட்டா'விலும் மின்னிணைப்பு, குழாய் பொருத்தல் படிப்புகள் இருக்கின்றன, முடித்தால் என்.வி.க்யூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், மூன்றாம் நாலாம் மட்டம். பத்து வருடம் வேலை செய்தும் கையில் காகிதம் இல்லாதவர்கள் அனுபவத்தைக் காட்டிச் சோதனை எடுத்தும் அதே சான்றிதழ் வாங்கலாம். நான் அப்படித்தான் வாங்கினேன், செய்த வேலைகளின் படங்களை ஒரு கோப்பில் ஒட்டிக்கொண்டு போய். கட்டாருக்கோ துபாய்க்கோ போகிற எண்ணம் இருந்தால் முதலில் இதை எடுத்துவிடுங்கள், அங்கே இதைத்தான் கேட்கிறார்கள்.

சம்பளம்?

பணக்காரன் ஆக மாட்டீர்கள். நாட்கூலியாக நின்றால் கையில் கூட வரும், மழை நாளில் ஒன்றுமில்லை. கம்பனியில் மாதச் சம்பளத்துக்கு நின்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதம் கழித்து அவர்கள் 12 வீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம் அவர்களே. சம்பளச் சீட்டில் கழித்திருப்பார்கள், கணக்கில் போய்ச் சேர்ந்ததா என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது தொழில் திணைக்களத்தில் பாருங்கள். இதைப் பார்க்காமல் ஆறு வருடம் இழந்த நண்பன் எனக்கு இருக்கிறான்.

சிங்களம் தெரியாமல் சமாளிக்கலாமா?

கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் சமாளிக்கலாம், மற்ற இடத்தில் கஷ்டம். வேலைச் சீட்டு சிங்களத்தில்தான் வரும். பேச்சு தானாக வந்துவிடும், எழுத்தை முயற்சி செய்து பழகுங்கள். ஒரே மாடியில் மூன்று பாஷை இருக்கும். முதல் வருடத்தில் ஒரு சிறுமி "தாத்தா வீட்டில் இருக்கிறார்" என்றாள், வயதானவர் என்று நினைத்துப் போனால் இருபது வயது அக்கா கதவைத் திறக்கிறார். முஸ்லிம் வீட்டில் தாத்தா என்றால் மூத்த சகோதரி, சிங்கள வீட்டில் அப்பா, நம் வீட்டில் பாட்டன். இப்போது கதவைத் தட்டுவதற்கு முன்னால் பெயர்ப் பலகையைப் பார்த்துவிடுகிறேன்.

வீட்டுக்குள் எப்படி நடந்துகொள்வது?

தட்டிவிட்டு இரண்டு அடி பின்னால் நில்லுங்கள். செருப்பைக் கழற்றுங்கள். பெண்கள் மட்டும் இருந்தால் கதவைத் திறந்தே வையுங்கள், அல்லது பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள். 450 சதுர அடியில் எட்டுப் பேர் இருக்கிற வீட்டில் கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால் எல்லாம் போக வேண்டி வரும், அங்கே பார்த்ததை அடுத்த வீட்டில் பேசாதீர்கள். தேநீர் தந்தால் குடியுங்கள், அவசரமாக இருந்தாலும் இரண்டு மிடறு. கட்டணம் பாக்கி இருக்கிற வீட்டுக்குப் போகாதே என்று மேலே இருந்து சொல்வார்கள். டெப் மாற்றுவதை நான் தள்ளிப்போடுவேன், ஆனால் கரண்ட் அடிக்கிறது என்றால் போய்விடுவேன், பாக்கியை அலுவலகம் பார்த்துக்கொள்ளட்டும்.

சாமான் எங்கே வாங்குவது?

பைப், வால்வு, ஆணி எல்லாம் பழைய சோனகர் தெரு, கரண்ட் சாமான் முதலாம் குறுக்குத் தெரு. எஸ்.எல்.எஸ். என்கிற இலங்கைத் தர முத்திரை இல்லாத பிரேக்கரும் வயரும் பாதி விலைக்குக் கிடைக்கும், வாங்காதீர்கள்.

முதல் நாள் பையில் என்ன இருக்க வேண்டும்?

டெஸ்டரை நம்பாதீர்கள், ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், முடிந்தால் கிளாம்ப் மீட்டர். ப்ளையர், இரண்டு ஸ்க்ரூ ட்ரைவர், பைப் ரென்ச், பைப் வெட்டுகிற ஹக்சோ வாள், டெஃப்லோன் டேப், இன்சுலேஷன் டேப், அரை அங்குல வோஷர் பத்து, தலையில் கட்டுகிற டோர்ச், ரப்பர் கையுறை. பிரேக்கரில் தொங்கவிட ஒரு அட்டை, "வேலை நடக்கிறது, போடாதே" என்று மூன்று பாஷையிலும் எழுதி. நீங்கள் டக்ட்டுக்குள் கை விட்டிருக்கும்போது, யாராவது டிவி நாடகத்துக்காக வந்து ஸ்விட்சைத் தூக்குவார்கள்.

அப்புறம் மாற்றுச் சட்டை ஒன்று. பஸ்ஸில் வீட்டுக்குப் போக வேண்டுமல்லவா.